ரங்கூன் மழைக்கு தார்ப்பாய்: நாங்க வாங்கின கடை, வாங்கின சாமான்

இந்த மழைக்கு வாங்கின தார்ப்பாய் பத்தியும் அத வித்த கடை பத்தியும் கொஞ்சம் விவரமா எழுதுறேன், ஏன்னா ஜூன் வந்துட்டாலே நம்மாளுங்க நெறைய பேரு எது நல்லது எங்க கெடைக்கும்னு கேக்குறாங்க. வாங்கினது எங்க வீட்டுக்கு இல்ல. எங்களுக்கு செங்கல் சுவரு, மேல கெட்டியான தகரம், அம்மன் புண்ணியத்துல ஒரு சொட்டு உள்ள எறங்கல. ரங்கூன்ல தாகேத்தாங்கிற எடத்துல, எங்க தெரு முடியிற பக்கம் கால்வா ஓரமா மூங்கில் தட்டியும் ஓலையும் வச்சு நாலஞ்சு குடும்பம் இருக்காங்க, அவங்களுக்குத்தான் வாங்கினோம். சைக்கார் (பக்கத்துல சீட்டு வச்ச சைக்கிள் ரிக்‌ஷா) மிதிக்கிற அண்ணன் ஒருத்தர், காலையில மீன் கூடை தலையில வச்சு வர்ற பர்மாக்கார அக்கா, கட்டட வேலைக்குப் போற பசங்க, இன்னும் ஒரு வயசான தமிழ் அம்மா, பேரனோட தனியா இருக்காங்க.

ரங்கூன் மழை வருஷத்துக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர், சென்னையில பெய்யிறதப் போல கிட்டத்தட்ட ரெண்டு பங்கு, அதுல பாதிக்கு மேல ஜூன் ஜூலை ஆகஸ்ட் இந்த மூணு மாசத்துலயே கொட்டிடும். தாகேத்தா வேற தாழ்வான எடம், 1959ல வடக்கு ஒக்கலாப்பா தெற்கு ஒக்கலாப்பாவோட சேத்து புதுசா உண்டாக்கின டவுன்ஷிப், ஒரு பக்கம் பெகு ஆறு இன்னொரு பக்கம் பசுண்டாங் கால்வா. அமாவாசை பௌர்ணமியில ஆத்துல தண்ணி ஏறும்போது மழையும் சேந்து அடிச்சா சாக்கடைத் தண்ணி வெளிய போக வழியில்லாம திரும்பி தெருவுக்குள்ளயே வரும். கீழ இருந்து தண்ணி, மேல இருந்து தண்ணி, நடுவுல ஒரு மூங்கில் பரணு மேல புள்ளைங்கள வச்சுக்கிட்டு ராத்திரி பூரா உக்காந்திருக்காங்க. அந்த ஓலையும் ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல தாங்காது, மாத்தணும், மாத்துறதுக்கு காசு வேணும், ஆனா பள்ளிக்கூடம் தொறக்குறதும் ஜூன் மாசம்தான், நோட்டு, யூனிஃபார்ம் பச்சை லோஞ்சி (லுங்கி), செருப்புன்னு இருக்கிற காசெல்லாம் அங்க போயிடும். மழையில சைக்காருக்கு சவாரியும் கொறவு, கட்டட வேலையும் நிக்கும். எல்லாம் ஒரே நேரத்துல வந்து விழுது.

இப்ப சாமானுக்கு வர்றேன். கடையில மூணு தினுசு இருந்துச்சு. ஒண்ணு லேசான நீலப் பாய், விலை கம்மி, எல்லாரும் வாங்குறது அதத்தான். ரெண்டாவது ஒரு பக்கம் நீலம் ஒரு பக்கம் ஆரஞ்சு, நடுத்தரம். மூணாவது லாரிக்குப் போடுறது, தடிமனா பச்சையா இருக்கும், கனமும் ஜாஸ்தி. போன மழைக்கு அந்தக் குடும்பங்க லேசான நீலம்தான் போட்டிருந்தாங்க, ஒரு ராத்திரி காத்துல கண்ணு (ஓரத்துல கயிறு கட்ட அடிக்கிற ஓட்டை வளையம்) பிச்சிக்கிட்டு நீளவாக்குல கிழிஞ்சுது, திரும்ப கடன் வாங்கி அதே பாய திரும்ப வாங்கினாங்க. ரெண்டு லேசான பாய்க்குக் குடுத்த காசுக்கு ஒரு நல்ல பாயே வந்திருக்கும், ஆனா மொத்தமா குடுக்க கையில காசு இருக்கணுமே. எனக்கு மனசு கேக்காத எடம் இதுதான், அதனாலதான் இவ்வளவு எழுதுறேன்.

நாங்க எடுத்தது நடுத்தரம், நீலமும் ஆரஞ்சும். கடைக்கார அண்ணன் எப்படிப் பாக்கணும்னு நின்னு சொல்லிக் குடுத்தார். பாய வெளிச்சத்துக்கு நேரா புடிங்க, நெசவு நெருக்கமா இருக்கணும், பொடிப்பொடியா வெளிச்சம் தெரிஞ்சா வேணாம். மூலைய மடிச்சு நகத்தால சொரண்டுங்க, மேல பூசின பிளாஸ்டிக் உரிஞ்சா வேணாம், ஏன்னா தண்ணிய தடுக்கிறதே அந்தப் பூச்சுதான், உள்ள இருக்கிற நெசவு பலத்துக்கு மட்டும்தான். ஓரத்த மடிச்சு தச்சிருக்கிற எடத்துக்குள்ள கயிறு ஓடுதான்னு தடவிப் பாருங்க. கண்ணு அலுமினியம்தான் ஆனா வெறும் பாய்ல அடிச்சிருக்கா இல்ல மடிப்புக்குள்ள கயிறோட சேத்து அடிச்சிருக்கான்னு பாக்கணும், நிவாரணத்துக்கு வெளிய இருந்து வர்ற 4க்கு 6 மீட்டர் பாய் அவ்வளவு காலம் நிக்கிறதுக்கு அந்த மாதிரி ஓரத்துல போடுற பலமும் ஒரு காரணம். 2008 மே மாசம் நர்கிஸ் புயல் அடிச்சப்ப எங்க வீட்டுக் கூரையே போச்சு, எனக்கு அப்ப நல்லா வெவரம் தெரியும், தகரம் விலை ஏறி வாங்க முடியாம அப்பா ஒரு பாய்க்கு அலைஞ்சது இன்னும் கண்ணுலயே இருக்கு.

கட்டுறதுலயும் விஷயம் இருக்குங்க. மூங்கில் வெட்டின முனை கத்தி மாதிரி, பாய் அது மேல ஒரசி ஒரசியே ஓட்டை விழும், அதனால உச்சி மூங்கில் மேல பழைய அரிசிச் சாக்கு சுத்தி அப்புறம் பாய போட்டாங்க. சைக்கார் அண்ணன் பழைய டியூப வார் வாரா அறுத்து கண்ணுல மாட்டி கயிறோட சேத்துக் கட்டினார், காத்து இழுத்தா டியூப் நீண்டு குடுக்கும், கண்ணு பிய்யாது. சரிவு நல்லா வேணும், இல்லன்னா நடுவுல தண்ணி தேங்கி பாயே தொங்கிடும். அடுப்பு எரியிற பக்கம் புகை போக ஒரு சாண் எடம் விட்டே ஆகணும், உள்ள கரி அடுப்பு வச்சுத்தானே சமைக்கிறாங்க. ஜூலை பூரா ஊத்தின ஊத்துல இதுவரைக்கும் ஒரு பாயும் கிழியல, ரெண்டு வீட்டுல மட்டும் தட்டிச் சுவர் வழியா சாரல் வருது, அது பாயோட தப்பு இல்ல.

கொறைன்னா, கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவுல எடைவெளி ஜாஸ்தி, ஒரு மீட்டருக்கு ஒண்ணு, இன்னும் நெருக்கமா இருந்தா நல்லது. மழை விழுந்தா சத்தம் அதிகம், ஓலையில அந்தச் சத்தம் இருக்காது, கைக்கொழந்த முழிச்சுக்குதுன்னு மீன்கார அக்கா சொன்னாங்க. மழை விட்டு வெயில் வந்தா உள்ள புழுங்கும். அப்புறம் இது வெயிலுக்கு ஆகாது, அக்டோபர் வாக்குல வர்ற தடிஞ்சு விளக்கு பண்டிகை முடிஞ்சு மழை நின்னதும் கழட்டி தொடச்சு காய வச்சு மடிச்சு வச்சிடணும், அப்படியே ஏப்ரல் வரைக்கும் மேலயே விட்டா வெயில்ல முறுகி கையில எடுத்தாலே உதிரும்.

கடை அனோரத்தா ரோட்டுல நம்ம ஸ்ரீ காளி கோயில் இருக்கே, அங்கிருந்து பொடிநடையா போற தூரம், தமிழ்க்காரங்க கடைதான். பேரு போடல, போட வேணாம்னு அண்ணனே கேட்டுக்கிட்டார், காரணம் சொல்றேன். நாங்க யாருக்கு வாங்குறோம்னு கேட்டு தெரிஞ்சுக்கிட்டு சுருள்ல இருந்து வெட்டி ஓரம் மடிச்சு தச்சு கண்ணு அடிச்ச கூலி எதுவுமே வாங்கல. அது மட்டும் இல்ல, மழை மாசத்துல கூலிக்காரங்க வந்தா பாதிக் காசு வாங்கிட்டு பாய குடுத்துடுறார், மீதி கொஞ்சம் கொஞ்சமா, நோட்டுல பேரு மட்டும். இது வெளிய தெரிஞ்சா வசதியா இருக்கிறவனும் கடன் கேட்டு வருவான், அப்புறம் இல்லாதவங்களுக்கு குடுக்க முடியாதுன்னார். நியாயந்தானே. பில்லு கேட்டா தேடித்தான் எழுதித் தர்றார், டெலிவரி கெடையாது, மழையில நாமளே பஸ்ல தூக்கிட்டு வரணும், அதெல்லாம் பெரிய விஷயமா எனக்குப் படல.

நாங்க ஏதோ தருமம் பண்ணினோம்னு யாரும் நெனச்சிடாதீங்க. போன மழையில எங்க தெரு சாக்கடை அடச்சு தண்ணி எங்க வீட்டு வாசப்படி ஏறினப்ப ராத்திரியில மூங்கில் கழியோட வந்து இடுப்பளவு அழுக்குத் தண்ணியில எறங்கி பிளாஸ்டிக் குப்பைய இழுத்துப் போட்டது அந்த கட்டட வேலைக்காரப் பசங்க, எங்க அரிசி மூட்டைய மாடிக்குத் தூக்கினது சைக்கார் அண்ணன், அவங்க குடிசை அந்நேரம் நனைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அந்தக் கடன் எங்களுக்கு இருக்கு. அம்மா ஆடி வெள்ளிக்கு காளி கோயிலுக்குப் போடுற காசுல ஒரு பங்க எடுத்து பாய்க்குக் குடுன்னு தானா சொன்னாங்க, அத்தையும் மாமாவும் சேந்துக்கிட்டாங்க.

வாங்குறவங்க வாசோ பௌர்ணமிக்கு (பர்மா மாசம், ஜூலை வாக்குல வரும்) முன்னாடியே போயிடுங்க, அதுக்கப்புறம் நடுத்தரப் பாய் சீக்கிரம் தீந்துடுது, லேசான நீலம்தான் மிஞ்சும். வீட்டுக் கூரைய அளந்துட்டுப் போங்க, நாலு பக்கமும் ஒரு முழம் கூட வச்சு அளங்க, சாரல் அடிக்கிற பக்கம் இன்னும் கொஞ்சம் கூட. நைலான் கயிறும் அங்கயே இருக்கு, அடி கணக்குல குடுப்பாங்க. பழைய சைக்கிள் டியூப் எந்தப் பஞ்சர் கடையில கேட்டாலும் சும்மாவே தருவாங்க. அடுத்து அந்த தமிழ் அம்மா வீட்டுத் தட்டிச் சுவருக்கு ஒரு பாய் எடுக்கணும், பேரனுக்கு சளி விடவே மாட்டேங்குது, யாராவது சேந்து எடுக்க நெனச்சா சொல்லுங்க, ரெண்டு பேரு சேந்தா பச்சைப் பாயே எடுத்துடலாம்.