பிசியோவில் வைத்த கரண்டும் நான் கேட்ட டிகிரியும்

தோள் இறுகிப்போயிருக்கிறது, பிசியோதெரபிக்குப் போகலாமா, இல்லை ஒரு ஊசி போட்டுக்கொண்டு விட்டுவிடலாமா என்று எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியை வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். இரண்டு வரியில் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து, போன வருடம் நான் போய்க்கொண்டிருந்த பிசியோ மையத்திலிருந்து ஆடித் தள்ளுபடி மெசேஜ் வந்தது. 10 சிட்டிங் 3,000 ரூபாய், லேசர் (வலிக்கு ஒளி பாய்ச்சும் ஒரு கருவி) இலவசம். நான் போனபோது ஒரு சிட்டிங்குக்கே 450. விலை குறைந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த ‘லேசர் இலவசம்’தான் என்னைக் கிளப்பிவிட்டது.

எனக்கு வலது தோளில் ஃப்ரோசன் ஷோல்டர். ஐம்பதைத் தாண்டிய பெண், பத்து வருடச் சர்க்கரை, அதனால் டாக்டர் கையைத் தொடுவதற்கு முன்பே யூகித்துவிட்டார். சர்க்கரை இருப்பவர்களுக்கு இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வரும். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். எலும்பில் கோளாறு கிடையாது, எக்ஸ்ரே சுத்தமாக வரும். அதனாலேயே வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். முதலில் வலி, அப்புறம் இறுக்கம், அப்புறம் மெல்லத் தளர்வு. மொத்தமும் முடிய ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். போர்டின் மேல் பாதியில் எழுத முடியாமல், முக்கோணங்களையெல்லாம் கீழ் ஓரத்தில் வரைந்துகொண்டிருந்தேன். பின்பக்கம் கொக்கி மாட்டுவதைப் பற்றிப் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்து வீட்டில் புத்தூர்க் கட்டு போடச் சொன்னார்கள். எலும்பே முறியாத கைக்கு எதற்குக் கட்டு என்று கேட்டதில் அவர்களுக்கு லேசான மனத்தாங்கல்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன்.

பிசியோ மையத்துக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, “கரண்ட் வைத்தாச்சா?” எங்கள் ஊரில் பிசியோ என்றாலே அதுதான். ஐ.எஃப்.டி. என்று ஒரு பெட்டி. ஈரப் பஞ்சு சுற்றிய நாலு ரப்பர் பட்டைகளைத் தோளைச் சுற்றி வைத்துக் கட்டுவார்கள். நிமிடத்துக்கு ஒரு தரம் “போதுமா மேடம், இன்னும் கூட்டவா?” என்று கேட்பார்கள். குறுகுறுவென்று இருக்கும், சுகமாகவும் இருக்கும். இருபது நிமிடம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். அது முடிந்ததும் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் இல்லை, ஒலி அலையால் கொடுக்கும் சிகிச்சை). பிறகு ஒத்தடப் பை. இத்தனையும் ஆன பின், மிச்சம் இருக்கிற பத்து நிமிடத்தில்தான் ஒரு ஆள் வந்து என் கையைப் பிடிக்கும். அடுத்த கட்டிலில் ஆள் காத்திருந்தால் அந்தப் பத்தும் ஐந்தாகும்.

நாலரை வருடம் பி.பி.டி. என்ற பிசியோதெரபிப் பட்டம் படித்த பெண்ணை சுவிட்ச் போடுவதற்கு வைத்திருக்கிறார்கள். இதுதான் எனக்கு ஆறவே இல்லை. பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவைக்கு வழிகாட்டும் நைஸ் என்ற அமைப்பு, 2016-இல் இடுப்பு வலிக்கும் 2022-இல் மூட்டுத் தேய்மானத்துக்கும் எழுதிய குறிப்புகளில் இந்த மின் சிகிச்சைகளை, ஐ.எஃப்.டி., டென்ஸ், அல்ட்ராசவுண்ட் எல்லாவற்றையும், கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. பலன் இருப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். அதே குறிப்புகள் உடற்பயிற்சியைக் கொடுக்கச் சொல்கின்றன. இங்கே ரசீதில் கரண்டுக்கு ஒரு வரி, அல்ட்ராசவுண்டுக்கு ஒரு வரி. உடற்பயிற்சிக்கு வரியே கிடையாது, அது கொசுறு.

நியாயமாகவும் பேச வேண்டும். வலி உச்சத்தில் இருந்த வாரங்களில், அந்தப் பெட்டியிலிருந்து எழுந்ததும் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. அந்த இடைவெளியில் கையை அசைப்பது சுலபமாகவும் இருந்தது. அது கரண்டின் வேலையா, இருபது நிமிடம் யாரும் தொந்தரவு செய்யாமல் படுத்திருந்ததன் வேலையா என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. மையத்தின் முதலாளியையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. கரண்ட் வைக்காமல் அனுப்பினால், “ஒன்றுமே செய்யவில்லை, கையை மட்டும் ஆட்டிவிட்டு அனுப்பிட்டாங்க” என்று ஆட்கள் பணம் கொடுக்க மூக்கால் அழுவதை நானே வரவேற்பறையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று அங்கே கிடைத்தது. முதல் நாள் அந்தப் பெண் மேசை டிராயரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சாமானை எடுத்தாள். பாகைமானி! நடுவில் திருகு வைத்து, இரண்டு நீளக் கைகள் முளைத்த பாகைமானி. கோனியோமீட்டர் என்றாள். முப்பது வருடமாகப் பிள்ளைகளிடம் ‘மறக்காமல் கொண்டு வா’ என்று கத்திய சாமானை என் மூட்டின் மீதே வைத்து அளப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னாள். 15 டிகிரி. நல்ல தோள் 60-ஐத் தாண்டிப் போக வேண்டும். இந்த நோயில் முதலில் போவதும் அதிகமாகப் போவதும் இந்த வெளித்திருப்பம்தானாம். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னபோது நான் 100 வரை தூக்கிவிட்டதாகப் பெருமைப்பட்டேன். அவள் என் தோள்பட்டை எலும்பை மேலே ஏற விடாமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “இப்போ தூக்குங்க மேடம்” என்றாள். 60-இல் நின்றுவிட்டது. மிச்சம் 40 கள்ளக்கணக்கு!

அன்றிலிருந்து எனக்கு வலி குறைந்ததா என்பதைவிட டிகிரி என்ன ஆனது என்பதுதான் கேள்வி. ஆனால் மையத்தில் ஒவ்வொரு வருகைக்கும் கரண்ட் உண்டு, அளவு கிடையாது. முதல் நாள் ஃபைலில் எழுதியதோடு சரி. நானாகக் கேட்டால்தான் அந்தப் பாகைமானி டிராயரை விட்டு வெளியே வரும். கேட்டுக்கேட்டு இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் அளக்க வைத்தேன். ஒரு கோட்டுத்தாளில் புள்ளி வைத்து வரைபடமும் போட்டேன் (என் கணவர் சிரித்தார், சிரிக்கட்டும்). ரொம்ப நாள் படுத்தே கிடந்த கோடு, ஒரு கட்டத்தில் எழுந்தது. 15, 20, 20, 20, அப்புறம் 35. அந்த 35-ஐப் பார்த்த அன்று வரும் வழியில் ஸ்வீட் வாங்கியிருப்பேன், சர்க்கரை மட்டும் இல்லாதிருந்தால்.

கோட்டை எழுப்பியது கரண்ட் இல்லை என்பது என் தீர்மானம். அந்தப் பெண்ணின் கையும் வீட்டுப் பயிற்சியும்தான். அவள் மேல்கை எலும்பின் பந்து போன்ற தலையைப் பிடித்து, சின்னச் சின்னதாகக் கீழேயும் பின்னாலேயும் நகர்த்திக் கொடுப்பாள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் செய்யாத மாதிரிதான் தெரியும். வீட்டில் மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டிக் கையைத் தானாக ஊசலாட விட வேண்டும். கையை வீம்பாகச் சுற்றினால் அது வேறு பயிற்சி. மல்லாந்து படுத்து, குடைக்கம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் கெட்ட கையை வெளியே தள்ள வேண்டும். வெளித்திருப்பத்துக்கு இதைப் போல உதவியது எதுவுமில்லை. விரலால் சுவர் ஏறுவது எல்லோருக்கும் தெரியும். முதுகுக்குப் பின்னால் துண்டை இழுப்பதை மட்டும் வலி அடங்கிய பிறகுதான் கொடுத்தாள்.

வலி அடங்கிய பிறகு என்பது முக்கியம். சில இடங்களில் வலிக்கிற கட்டத்திலேயே கையைப் பிடித்து முறிக்கிற மாதிரி இழுக்கிறார்கள், ‘வலித்தால்தான் விடும்’ என்கிறார்கள். 2004-இல் நெதர்லாந்தில் செய்த ஒரு ஆய்வில், வலியைத் தாண்டி மும்முரமாக இழுத்துப் பயிற்சி செய்தவர்களைவிட, வலிக்காத அளவுக்கு மட்டும் அசைத்துக்கொண்டு விட்டுவைத்தவர்களுக்குத்தான் தோள் நன்றாகத் திரும்பியிருக்கிறது. எனக்கு அவள் சொன்ன விதி எளிமையானது. பயிற்சி முடிந்ததும் வலி கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டால் சரி. ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் பாதியாகக் குறை.

பக்கத்துக் கட்டில்களிலும் இதே கதைதான் நடந்தது. முழங்கால் தேய்மானத்துக்கு வந்த அம்மாக்கள் அரை மணி நேரம் கரண்டில் படுத்திருப்பார்கள். முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து அதை அழுத்தி, தொடைத் தசையை இறுக்கிப் பிடிப்பதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம். தொடை பலமானால் முட்டிக்கு வலி குறையும் என்பதை யாரும் அவர்களுக்கு உட்கார வைத்துச் சொல்லவில்லை. லால்குடிப் பக்கம் என் சித்திக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வந்தார். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய திட்டம் அது. எங்கள் வீட்டுக்கு வந்தவர் பெட்டி எதையும் தூக்கி வரவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையும் சுவரைப் பிடித்து நிற்பதையும் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் இருந்தவர்களையும் கற்றுக்கொள்ள வைத்துவிட்டுப் போனார். காசும் கிடையாது. சித்தி இப்போது வாசல்வரை தானே நடக்கிறார்.

ஊசி விஷயம். வலி உச்சத்தில் இருக்கும்போது மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி வலியை நன்றாகவே குறைக்கும். நான் போட்டுக்கொண்டேன். சில நாட்கள் சர்க்கரை எகிறும், சொல்லி வைத்து அளந்துகொள்ள வேண்டும். ஊசியா பிசியோவா என்று அறிவியல் ஆசிரியை கேட்டிருக்கிறாள், ஆனால் அப்படி ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கத் தேவையில்லை. ஊசி வலியைக் குறைக்கும், அந்த நேரத்தில் பயிற்சி செய்துகொள்ளலாம். 2020-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் 503 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பகுதிக்கு ஊசியோடு பிசியோ, இன்னொன்றுக்கு மயக்கம் கொடுத்துத் தோளை அசைத்துவிடுவது, மூன்றாவதுக்குத் துளைவழி அறுவை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஒன்றைவிட ஒன்று சொல்லிக்கொள்ளும்படி மேல் என்று எதுவும் வரவில்லை. அதனால் கத்தி வரை போவதற்கு அவசரம் வேண்டாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது தனி வேலை, அதற்கு இங்கே இடம் போதாது.

இன்று என் வெளித்திருப்பம் 65. போர்டின் மேல் மூலையில் எழுதுகிறேன், கொக்கியும் மாட்டுகிறேன். இதைப் படிக்கிறவர்கள் நான் 5-க்கு 5 போடுவேன் என்று நினைப்பார்கள். பிசியோதெரபிக்கு அப்படியே போடுகிறேன். அந்த மையத்துக்கு 2. அதில் ஒன்று அந்தப் பெண்ணுக்காக, மற்றது அந்தக் கட்டிலில் கிடைத்த தூக்கத்துக்காக. ‘லேசர் இலவசம்’ வராதிருந்தால் மூன்றரை போட்டிருப்பேன், இன்றைய மனநிலையில் அது முடியாது. அந்தப் பெண்ணும் இப்போது அங்கே இல்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன அறையில் தனியாகப் பார்க்கிறாள், பெட்டி ஒன்று மூலையில் துணி போர்த்தி இருக்கிறதாம்.

அறிவியல் ஆசிரியைக்கு அந்த முகவரியைத்தான் அனுப்பப் போகிறேன். பேக்கேஜ் கட்டாதே, ஒவ்வொரு சிட்டிங்காகக் கொடு, டிகிரியைக் கேட்டுக் குறித்து வாங்கிக்கொள், சேலைக்குப் பதிலாகத் தொளதொளப்பான கை வைத்த சுடிதார் போட்டுக்கொண்டு போ. திங்கட்கிழமை அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தால் அவள் பீரியடை நான் பார்த்துக்கொள்கிறேன்.