விக்டோரியாவின் தங்க ஊர்களும் பள்ளத்தாக்குகளும்: பல வருட அனுபவம்

மெல்பர்னில் குடியேறியதிலிருந்து விக்டோரியா மாநிலத்தின் பழைய தங்கச் சுரங்க ஊர்களுக்கு விடாமல் போய் வருகிறேன். கோடை, குளிர், இலையுதிர்காலம் என்று எல்லாப் பருவத்திலும் பார்த்தாயிற்று. இங்கே வரும் நம்மவர்கள் பெரும்பாலும் பல்லாரட்டில் உள்ள சாவரின் ஹில்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது 1970-இல் திறந்த இடம். 1850-களின் ஊரைப் போலவே கட்டியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஓடை மணலைத் தட்டில் அலசித் தங்கத் துகள் தேடலாம். ஆனால் தங்கம் இந்த நிலத்தை என்ன செய்தது, பிறகு நிலம் எப்படித் தேறியது என்று பார்க்க வேண்டுமானால் வால்ஹாலாவுக்கும் ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்கும் போக வேண்டும்.

வால்ஹாலா மெல்பர்னுக்குக் கிழக்கே சுமார் 180 கிலோமீட்டர். கடைசிப் பகுதி முழுக்க வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை. வாந்தி வரும் என்பவர்கள் முன்னிருக்கையில் உட்காரட்டும். ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ஒரு சிற்றோடை, அதை ஒட்டி ஒரே தெரு. இடம் இல்லாததால் தீயணைப்பு நிலையத்தையே ஓடைக்கு மேலே கட்டியிருக்கிறார்கள். கிரிக்கெட் மைதானத்துக்கோ மலையுச்சியை வெட்டிச் சமப்படுத்தியிருக்கிறார்கள்! கல்லறைத் தோட்டம் செங்குத்துச் சரிவில் இருக்கிறது. அதில் ஏறி இறங்க நல்ல பிடிமானமுள்ள செருப்பு வேண்டும்.

லாங் டன்னல் எக்ஸ்டெண்டட் சுரங்கத்துக்குள் வழிகாட்டியோடு போகலாம். மலைக்குள் பாறையைக் குடைந்து பெரிய அறை எடுத்து, நீராவி இயந்திரத்தை அங்கேயே வைத்திருந்தார்கள். அங்கிருந்து 900 மீட்டருக்கும் மேல் ஆழமாகக் கீழே தோண்டியிருக்கிறார்கள். கோலார் தங்கவயலில் வேலை பார்த்த தாத்தா உள்ள குடும்பத்துக்காரர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து கிளம்பிய சுரங்கக்காரர்கள் விக்டோரியாவிலும் வேலை செய்தார்கள், கோலாரிலும் வேலை செய்தார்கள்.

அங்கே நான் அதிக நேரம் நிற்பது பழைய புகைப்படங்களின் முன்னால்தான். அவற்றில் ஊரைச் சுற்றியுள்ள மலைகள் மொட்டையாக நிற்கின்றன. கொதிகலன்களுக்கு விறகு, சுரங்கத்துக்கு முட்டுமரம் என்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெட்டித் தீர்த்துவிட்டார்கள். பக்கத்தில் மரம் தீர்ந்ததும் தொலைவிலிருந்து டிராம் பாதை போட்டுக் கொண்டுவந்தார்கள். ரயில் வந்தது 1910-இல். 1914-க்குள் பெரிய சுரங்கங்கள் மூடிவிட்டன. பல வீடுகளைப் பிரித்து அதே ரயிலில் ஏற்றிக்கொண்டு சனம் போய்விட்டது. இன்று 'என்ன ஒரு காடு!' என்று நாம் படம் எடுக்கும் பச்சை முழுவதும் அதற்குப் பிறகு தானாக எழுந்தது. ஊருக்கு மின்சார இணைப்பு வந்ததே 1998 டிசம்பரில்தான். அந்தச் சின்ன ரயிலின் ஒரு பகுதி இப்போது சுற்றுலாவுக்காக ஓடுகிறது. தாம்சன் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும் இடத்துக்காகவே டிக்கெட் எடுக்கலாம்.

ஓவன்ஸ் பள்ளத்தாக்கு வேறு பயணம், வடகிழக்கே. அங்கே நான் தங்குவது பீச்வொர்த்தில். தேன்நிறக் கருங்கல் கட்டடங்கள் தெரு நெடுக அப்படியே நிற்கின்றன. ஆஸ்திரேலியாவின் பேர்போன கொள்ளைக்காரன் நெட் கெல்லி 1880 ஆகஸ்டில் முதல்கட்ட விசாரணைக்கு நிறுத்தப்பட்ட நீதிமன்றமும் அங்கேதான். எல்லோரும் கெல்லியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கல்லறைத் தோட்டத்துக்கும் போங்கள். சீனர்களின் பகுதியில், வேண்டுதல் காகிதங்களை எரிப்பதற்குக் கட்டிய இரண்டு கோபுரங்கள் இருக்கின்றன. 1855-இல் விக்டோரியா அரசு கப்பலில் வரும் சீனர்களுக்குத் தலைக்கு 10 பவுண்டு வரி போட்டது. அதைத் தவிர்க்க ஆயிரக்கணக்கானோர் பக்கத்துக் காலனியான தென் ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே தங்கவயல்களுக்கு வந்தார்கள். வந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? பிரைட் என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள பக்லாண்ட் பள்ளத்தாக்கில் 1857 ஜூலை 4 அன்று வெள்ளைச் சுரங்கக்காரர்கள் சுமார் 2,000 சீனர்களை அடித்து விரட்டினார்கள், கூடாரங்களைக் கொளுத்தினார்கள். இது தெரியாமல் அந்த ஆற்றங்கரையில் பிக்னிக் போட எனக்கு மனம் ஒப்பாது. வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் எல்டொராடோ. பீச்வொர்த்திலிருந்து அதிக தூரமில்லை. 1936 முதல் 1954 வரை ஆற்றுப்படுகையைத் தின்றபடியே நகர்ந்த ராட்சத டிரெட்ஜர் (மிதந்தபடி மண் அள்ளும் இயந்திரம்) ஒன்று, தான் தோண்டிய குளத்திலேயே இன்னும் நிற்கிறது. முன்னால் வாளிச் சங்கிலி மண்ணை அள்ளும், உள்ளே சலித்துத் தங்கமும் வெள்ளீயமும் பிரியும், மிச்சக் கல் பின்னால் குவியும். அதைப் பார்த்த பிறகு பள்ளத்தாக்கில் எங்கே கூழாங்கல் மேடு தென்பட்டாலும் அது எப்படி வந்தது என்று உங்களுக்கே புரியும்.

பிரைட், ஏப்ரல் கடைசியில் தங்கமும் சிவப்புமாக இருக்கும். அந்த நிறம் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்களுடையது. வழியெங்கும் தெரியும் உயரமான தகரக் கொட்டகைகள் புகையிலை உலர்த்தியவை. இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள் பல வளர்த்த அந்தப் பயிர் 2006-இல் நின்றுபோனது. அவற்றின் பக்கத்தில் இப்போது பீருக்கான ஹாப்ஸ் கொடிகள். பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். மிர்ட்டில்ஃபோர்டு முதல் பிரைட் வரையிலான பகுதி பெரிய ஏற்றம் இல்லாதது, வயதானவர்களும் ஓட்டலாம்.

குறைகளும் உண்டு. இலையுதிர் விழா நாட்களில் பிரைட்டில் அறை வாடகை கன்னாபின்னாவென்று ஏறும். இரண்டு இரவுக்குக் குறைவாகத் தரமாட்டார்கள். ஒரு விடுதியில் ஹீட்டர் வேலை செய்யாமல் இரவு முழுக்க விறைத்தோம். மாற்று அறை கேட்டதற்குப் பதிலே இல்லை. சமையலறைகள் எட்டு மணிக்கே மூடிவிடும், சைவச் சாப்பாடு பல இடங்களில் உருளைக்கிழங்கு வறுவலோடு முடிந்துவிடும். நாங்கள் சமையல் வசதியுள்ள அறையாகப் பார்த்து எடுத்து, அரிசியும் ரசப்பொடியும் கொண்டுபோகிறோம். வால்ஹாலா பக்கம் சிக்னலை நம்ப வேண்டாம். வரைபடத்தைக் கைபேசியில் முன்பே இறக்கிவையுங்கள், பெட்ரோலை வழியிலுள்ள மோயி (Moe) ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். அந்தி நேரத்தில் கங்காருவும் வொம்பாட்டும் குறுக்கே வரும், ஆகவே இருட்டுவதற்குள் ஊர் சேர்ந்துவிடுங்கள். காட்டில் பாதையை விட்டு இறங்காதீர்கள், மூடாத பழைய சுரங்கக் குழிகள் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் காட்டுத்தீ எச்சரிக்கையைத் தினமும் பார்க்க வேண்டும். 2020 ஜனவரியில் பிரைட் பக்கம் சுற்றுலா வந்தவர்களை வெளியேறச் சொல்லிவிட்டார்கள்.

சரி, ஒரே ஒரு வாரயிறுதிதான் இருக்கிறது என்றால்? மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓட்டினால் பீச்வொர்த். வெள்ளி இரவே போய்விடுங்கள். சனிக்கிழமை காலையில் கல்லறைத் தோட்டமும் நீதிமன்றமும், மதியம் எல்டொராடோ, ஞாயிறு பிரைட். மார்ச் மாதமாக இருந்தால் இன்னும் நல்லது: ஹாப்ஸ் அறுவடை நடக்கும், வெயில் தணிந்திருக்கும், வாடகையும் விழாக்காலத்து அளவுக்கு ஏறியிருக்காது.