பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூல்: பொதுத்தேர்வுக்கு இது ஒன்றே போதுமா?

பத்தாம் வகுப்புக்குப் பிள்ளை போகிறது என்றதும் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலர் புத்தகக் கடையில் முதலில் விசாரிப்பது, கணிதத்துக்கு எந்தக் கைடு நல்லது என்பதைத்தான். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பாடநூல் விலையின்றிக் கைக்கு வந்துவிடுவதாலோ என்னவோ, அதையும் ஒரு பொருளாக எடுத்துவைத்து, நம் தேவைக்கு அது எந்த அளவுக்கு உதவுகிறது என்று எடைபோட்டுப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. மாலை வேளைகளில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித்தருபவன் என்ற முறையில், மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலைத் தேர்வுத் தயாரிப்புக்கான கருவியாக மட்டும் இங்கே மதிப்பிட முயல்கிறேன். பாடத்திட்டம் சரியா, சுமை அதிகமா என்பவை வேறு விவாதங்கள்.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் உருவாக்கி, தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் வெளியிடும் இந்நூல் 2019இல் முதன்முதலாக வந்தது. உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும், இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல், புள்ளியியலும் நிகழ்தகவும் என எட்டு இயல்கள் இதில் உள்ளன. ஒவ்வொரு கருத்துக்கும் விளக்கம், அதன்பின் தீர்த்துக்காட்டிய எடுத்துக்காட்டுகள், பிறகு பயிற்சி என்ற வரிசையில் இயல் நகர்ந்து, பலவுள் தெரிவு வினாக்களிலும் அலகுப் பயிற்சியிலும் முடிகிறது. பயிற்சிகளுக்கான விடைகள் நூலின் கடைசியில் தரப்பட்டுள்ளன. விற்பனைக்கும் கிடைக்கும் இந்நூலை, காசு கொடுத்து வாங்க விரும்பாதவர்கள் இணையத்திலிருந்து கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம்.

நூலை மதிப்பிடுமுன் வினாத்தாளின் அமைப்பைப் பார்த்துவிட வேண்டும். 100 மதிப்பெண் தாளில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள். அடுத்து 14 இரண்டு மதிப்பெண் வினாக்களில் 10க்கு விடையளிக்க வேண்டும், அவற்றில் 28ஆவது வினா கட்டாயம். ஐந்து மதிப்பெண் பகுதியிலும் அதேபோல 14இல் 10, அங்கே 42ஆவது கட்டாயம். இறுதியாக வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் எட்டு எட்டாக 16 மதிப்பெண். எந்த இயலிலிருந்து எத்தனை வினா வரும் என்று வகுத்துச் சொல்லும் ப்ளூபிரிண்ட் இப்போது கிடையாது. ஆகவே, ஓர் இயலை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் படிப்பது என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. ஆனால் பெரும்பாலான வினாக்கள் நூலின் எடுத்துக்காட்டுகளிலிருந்தும் பயிற்சிகளிலிருந்தும் நேராகவோ எண் மாற்றியோ வருகின்றன என்பது முந்தைய ஆண்டு வினாத்தாள்களைப் புரட்டும் எவருக்கும் தெரியும். சிக்கல் கட்டாய வினாக்களில்தான். நூலைத் தாண்டிச் சிந்திக்கவைக்கும் கணக்கு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

இந்நூலைப் பற்றி நான் அடிக்கடி கேட்கும் குறை, கடைசிப் பக்கங்களில் வெறும் விடை மட்டும் இருக்கிறது, வழிமுறை இல்லை என்பது. கைடு விற்பதே இந்தக் குறையை நம்பித்தான். தேர்வுக்குத் தயாராகும் மாணவனுக்கு இந்நூல் செய்யும் மிகப் பெரிய உதவியே இந்த வெற்று விடைகள்தான் என்பது என் கருத்து. ஏன் என்பதை ஒரு கணக்கைக்கொண்டே காட்டலாம்.

இரண்டாம் இயலில் சிறப்புத் தொடர்கள் பகுதியில் ரேகா என்ற பெண்ணைப் பற்றிய கணக்கு ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பைக் கடந்தவர்கள் பலருக்கு நினைவிருக்கும். அவளிடம் 10 செ.மீ, 11 செ.மீ, 12 செ.மீ என்று தொடங்கி 24 செ.மீ வரை பக்க அளவுள்ள 15 சதுர வண்ணக் காகிதங்கள் இருக்கின்றன. அவற்றைக்கொண்டு எவ்வளவு பரப்பை அலங்கரிக்கலாம் என்பது வினா. 1 முதல் 24 வரையிலான எண்களின் வர்க்கங்களின் கூடுதல் 4900. அதிலிருந்து 1 முதல் 9 வரையிலான வர்க்கங்களின் கூடுதலான 285ஐக் கழித்தால் 4615 ச.செ.மீ என்று விடை வரும். முதல்முறை போடுகிற பிள்ளைகளில் பலர் 9 வரை கழிப்பதற்குப் பதிலாக 10 வரை கழித்துவிடுவார்கள். விடை 4515 என்று வரும். நூலின் கடைசிப் பக்கம் 4615 என்கிறது. வித்தியாசம் சரியாக 100. அந்த நூறு எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நேரம் யோசிக்கும் பிள்ளைக்கு, அது பத்தின் வர்க்கம் என்பதும், முதல் காகிதத்தையே தான் கழித்துத் தள்ளிவிட்டோம் என்பதும் தானாகப் பிடிபடும். அதற்குப் பிறகு, தொடர் எந்த எண்ணில் தொடங்கினாலும், எந்த எண் வரை கழிக்க வேண்டும் என்பதில் அவனுக்குக் குழப்பம் வராது. இதே பிள்ளை கைடைத் திறந்திருந்தால், முழு வழிமுறையும் கண்முன் கிடக்கும். ‘ஓ, ஒன்பதா’ என்று அடித்துத் திருத்திவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பான். திருப்புதல் தேர்வில் காகிதங்கள் 12 செ.மீ அளவில் தொடங்கினால் மறுபடியும் அதே பிழையைச் செய்வான்.

கைடு என்ற பொருளின் அடிப்படைக் கோளாறு இதுதான். தீர்த்துவைத்த கணக்கைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியும் புரிகிறது. புரிகிறது என்ற நிறைவே தயாராகிவிட்டோம் என்ற நம்பிக்கையையும் தந்துவிடுகிறது. நீந்துபவனைக் கரையில் நின்று பார்ப்பதற்கும் தண்ணீரில் இறங்குவதற்கும் உள்ள தொலைவு அரையாண்டுத் தேர்வில்தான் தெரியவரும். நூலில் உள்ள எடுத்துக்காட்டுகளையும் இப்படியே வாசித்துக்கொண்டு போனால் நூலும் கைடு ஆகிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். எடுத்துக்காட்டின் வினாவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போட்டுப் பார்ப்பதும், பிறகு திறந்து வரி வரியாக ஒப்பிடுவதும்தான் அதைப் பயன்படுத்தும் முறை. அப்படி ஒப்பிடும்போது, படிநிலை மதிப்பெண் எந்தெந்த வரிகளுக்குக் கிடைக்கும் என்பதும் சேர்ந்தே பழகிவிடும். சூத்திரத்தை எழுதாமல் நேராக எண்களைப் போடும் பழக்கமுள்ள, விரைவாகக் கணக்கிடும் பிள்ளைகளுக்கு இது மிகவும் தேவை. அவர்கள்தான் சரியான விடையை எழுதியும் மதிப்பெண் இழப்பவர்கள்.

வெற்று விடை உதவாத இடமும் உண்டு. நிறுவுக என்று கேட்கும் கணக்குகளுக்கு விடைப் பக்கத்தில் ஒன்றும் இருக்க முடியாது. முக்கோணவியல் முற்றொருமைகளில் மாணவன் நடுவழியில் மாட்டிக்கொண்டால், எங்கே தவறினான் என்று சொல்ல நூலில் யாரும் இல்லை. இந்த ஒரு பகுதிக்காவது, முழுத் தீர்வு வேண்டாம், முதல் அடியை எப்படி எடுத்துவைப்பது என்று ஒரு வரிக் குறிப்பைக் கடைசியில் கொடுத்திருக்கலாம். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டையும் சைன், கொசைனாக மாற்றிப் பார்க்கச் சொல்வது ஆசிரியர்கள் எல்லாரும் தரும் ஆலோசனைதான். அதைத் தனியே படிக்கும் பிள்ளைக்கு யார் சொல்வது? வடிவியல் தேற்றங்களில் இந்தக் குறை இல்லை. அடிப்படை விகிதசமத் தேற்றம், கோண இருசமவெட்டித் தேற்றம், பிதாகரஸ் தேற்றம் ஆகியவற்றைக் கூற்று ஒரு பக்கம், காரணம் ஒரு பக்கம் என்று அட்டவணையாக நூல் தருகிறது. தேர்வில் அப்படியே எழுதலாம். காரணத்தை மூடிவைத்துக்கொண்டு கூற்றை மட்டும் பார்த்துக் காரணம் சொல்லிப் பழகினால், மனப்பாடம் செய்ய வேண்டிய பாரமும் குறையும்.

பலவுள் தெரிவு வினாக்கள் இயலுக்குப் பெரும்பாலும் பதினைந்து. ‘புக் பேக்’ என்று மாணவர்கள் சொல்லும் இவற்றை எழுத்து வரிசையோடு, அதாவது விடை ‘ஆ’ என்றே மனப்பாடம் செய்துவைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுதச் சொல்கிறது வினாத்தாள். விடைகளின் வரிசை மாறிவந்தால் அவ்வளவுதான். இதில் நூலின் குற்றம் ஒன்றும் இல்லை.

அலகுப் பயிற்சியைத்தான் நம் வகுப்பறைகள் அநியாயமாகப் புறக்கணிக்கின்றன. இயலின் கடைசியில் இருப்பதாலும், பாடம் நடத்தி முடிக்கும் அவசரத்தாலும், அது நேரமிருந்தால் பார்க்கலாம் என்று விடப்படுகிறது. கட்டாய வினாவில் வரும் வகைக் கணக்குகளுக்கு மிக நெருக்கமாக இந்நூலில் இருப்பவை அவையே. ஒரே கணக்கில் இரண்டு கருத்துகளைக் கோத்துக் கேட்பது, தெரிந்த சூத்திரத்தைத் தலைகீழாகப் பயன்படுத்தச் செய்வது போன்றவற்றுக்கு அங்கேதான் பயிற்சி கிடைக்கும். முழு மதிப்பெண் குறிவைக்கும் மாணவன் வெளியே வினா வங்கிகளைத் தேடி அலைவதற்கு முன், எட்டு அலகுப் பயிற்சிகளையும் ஒருமுறை முடித்திருக்கிறானா என்று கேட்டுக்கொள்ளலாம்.

மறுமுனையில், தேர்ச்சி பெற்றால் போதும் என்ற நிலையில் உள்ள மாணவனுக்கு இந்நூல் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. 35 மதிப்பெண் அவன் இலக்கு. வரைதலும் வரைபடமும் 16, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, ஆக 30. இன்னும் மூன்று இரண்டு மதிப்பெண் வினாக்கள் போட்டால் கரை சேர்ந்துவிடலாம். இந்தக் கணக்கு நூலில் எங்கும் இல்லை, இருக்க வேண்டியதும் இல்லைதான். ஆனால் வரைதல் கணக்குகள் நான்காம் இயலிலும் வரைபடங்கள் மூன்றாம் இயலிலும் மற்ற பகுதிகளுக்கு நடுவே கிடப்பதால், அவனாக அவற்றைத் தேடி எடுக்கமாட்டான். ஆசிரியரோ வீட்டில் மூத்தவர்களோ பக்கங்களை அடையாளமிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மெல்லக் கற்போருக்கென்று பள்ளிகளில் தரப்படும் சிறு கையேடுகள் செய்வது இதைத்தான். அந்த அளவுக்கு அவை பயனுள்ளவை. அவற்றை மட்டுமே நம்பி முன்னேறக்கூடிய பிள்ளையையும் அங்கேயே நிறுத்திவிடுவதுதான் தவறு.

இயல்களின் அளவும் சீராக இல்லை. புள்ளியியலும் நிகழ்தகவும் நான்கு பயிற்சிகளும் ஒரு பலவுள் தெரிவுத் தொகுப்புமாக முடிந்துவிட, இயற்கணிதத்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட பயிற்சிகள். மூன்று மாறிகளில் ஒருங்கமைச் சமன்பாடு, பல்லுறுப்புக்கோவையின் வர்க்கமூலம், இருபடிச் சமன்பாடு, வரைபடம், அணிகள் என்று எல்லாமே ஒரே இயலில் அடைபட்டுள்ளன. இயல் வாரியாகக் கால அட்டவணை போடும் மாணவன் இங்கே ஏமாந்துபோவான். ஓர் இயலுக்கு ஒரு வாரம் என்று ஒதுக்கினால் மூன்றாம் இயலிலேயே அட்டவணை சிதைந்துவிடும். அணிகளைத் தனி இயலாகவே கருதிப் படிப்பது நல்லது.

க்யூஆர் கோடுகள், ஜியோஜீப்ரா வழியான இணையச் செயல்பாடுகள் ஆகியவை கருத்தைப் புரிந்துகொள்ளும் ஆண்டுத் தொடக்கத்தில் நன்றாக இருக்கும். ஜனவரிக்குப் பிறகு படிப்பதற்கு நடுவே கைப்பேசியை எடுக்க இன்னொரு சாக்கு வேண்டாம்.

ஆக, தலைப்பில் உள்ள கேள்விக்கு என் விடை: சராசரிக்கு மேற்பட்ட மாணவனுக்கு இந்நூலும், முந்தைய ஆண்டு வினாத்தாள்களும், ஒரு தடித்த நோட்டும், வரைபடத்தாள் கட்டும் போதும். கைடு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அதை வீட்டில் பெரியவர் யாராவது வைத்துக்கொண்டு, பிள்ளை இரண்டு முறை முயன்று தோற்ற கணக்குக்கு மட்டும் எடுத்துக்கொடுக்கலாம். தடுமாறும் மாணவனுக்கு நூலோடு ஒரு மனிதரின் துணையும் தேவை.

முந்தைய ஆண்டு படித்து முடித்தவர்களிடமிருந்து பழைய நூலை வாங்கிப் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. நேர்மாறுபாடு, எதிர்மாறுபாடு வரைபடக் கணக்குகள் முதல் பதிப்பில் இல்லை. பின்வந்த திருத்திய பதிப்பில்தான் மூன்றாம் இயலில் சேர்க்கப்பட்டன. சீரான வேகத்தில் செல்லும் பேருந்தின் தொலைவு, நேர வரைபடம் வரையும் எடுத்துக்காட்டு அந்த இயலில் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் திருத்திய பதிப்பின் அந்தச் சில பக்கங்களையாவது இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்டு நூலோடு சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எட்டு மதிப்பெண் வரைபட வினாவில் இருபடி வரைபடத்துக்கு மாற்றாக அமைவது பெரும்பாலும் இந்த வகைக் கணக்குதான்.