கொடைக்கானல் காட்டேஜ் புக்கிங்: 44,000 ரூபாய் போச்சு, அட்வான்ஸ் போடும் முன் இதைப் படியுங்கள்

பழைய பாலிடெக்னிக் செட், ஸ்கூல் செட் என்று சேர்ந்து கொடைக்கானல் கிளம்பத் திட்டம் போடுகிறவர்களுக்கு இந்தப் பதிவு. குறிப்பாக, வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரிடமும் வசூல் பண்ணி ஒரே ஆளாக அட்வான்ஸ் அனுப்பும் அந்த ஒருவருக்கு. நாங்கள் 12 பேர், இரண்டு இரவு, மொத்தம் 44,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. போய்ப் பார்த்தால் அப்படி ஒரு காட்டேஜே கிடையாது.

நாங்கள் சிக்கிய இடம், எல்லாரும் படம் போடும் செயலி ஒன்றில் ஓடுகிற காட்டேஜ் பக்கம். பெயர் எழுதவில்லை. எழுதினாலும் பிரயோஜனம் இல்லை, அதை நடத்துகிறவன் அடுத்த வாரம் வேறு பெயரில் கடை திறந்திருப்பான். நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர் பின்தொடர்கிற பக்கம் அது. அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் நம்புகிறார்கள். அந்தப் பக்கத்தின் மூன்று புள்ளியை அமுக்கி ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்று பார்த்தால், எந்த மாதம் தொடங்கியது, இதற்கு முன் பெயர் மாற்றியிருக்கிறதா என்று வரும். இந்தப் பக்கத்துக்கு முன்பு மூன்று பெயர்கள், அதில் ஒன்று சேலைக் கடை. ஆள் சேர்ந்த பழைய கணக்கை விலைக்கு வாங்கி, படங்களை அழித்துவிட்டுக் காட்டேஜ் படங்களை ஏற்றியிருக்கிறான். நாற்பதாயிரம் பேரும் சேலை வாங்க வந்தவர்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணத்தைப் பிரித்து வாங்குவதில்தான் தொழிலே இருக்கிறது. தலைக்கு ஒரு இரவுக்கு 1,600. காலை டிபன், இரவுச் சாப்பாடு, கேம்ப்ஃபயர் எல்லாம் சேர்த்து. 12 பேருக்கு இரண்டு இரவு என்றால் 38,400. அதில் பாதி, 19,200, அட்வான்ஸ். “சீசன் ரஷ்ஷு, ஃபுல் பேமெண்ட் வந்தவங்களுக்குத்தான் ரூம் லாக் பண்ணுவோம்” என்று சொல்லி வெள்ளி ராத்திரி மீதி 19,200. சனியன்று வண்டி வத்தலக்குண்டைத் தொடும்போது, கிளம்பும் அன்று திருப்பித் தருவதாக டெபாசிட் 5,000. கூடவே, வண்டி மலை ஏற வேண்டிய அரசு அனுமதியான இ-பாஸ் எடுத்துக் கொடுத்ததற்கு 600. ஆக 44,000, தலைக்கு 3,667. ரேட்டை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். அக்கம்பக்கத்து ரேட்டை விட இருநூறு முந்நூறு மட்டும் குறைத்துச் சொன்னான், படுபாவி.

நம்பிக்கை எங்கே வந்தது என்றால், அவன் பணத்தைப் பற்றிப் பேசாத இடத்தில். “வெஜ் எத்தனை பேர்ணே? ரெண்டா? அவங்களுக்குத் தனிப் பாத்திரத்துல பண்ணச் சொல்லிடுறேன்.” “வத்தலக்குண்டுலயே டீசல் போட்டுட்டு ஏறிடுங்க.” “அஞ்சு மணிக்குள்ள பெருமாள்மலை தாண்டிடுங்கண்ணே, அதுக்கு மேல மிஸ்ட் இறங்கிட்டா டிரைவருக்கு ரோடே தெரியாது.” “டம் டம் பாறைல வண்டிய ரொம்ப நேரம் நிறுத்தாதீங்க, குரங்கு பைய எடுத்துட்டுப் போயிடும்.” இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. மலை ஏறி இறங்கிய யாரும் இதைத்தான் சொல்வார்கள். பாதை தெரிந்தவனுக்கு வீடும் இருக்கும் என்று மனசு தானாக முடிவு கட்டிக்கொள்கிறது. காமக்காபட்டி செக்போஸ்ட் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒருவன் அங்கே காட்டேஜ் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தடவை டூரிஸ்ட்டாக வந்து போயிருந்தாலே போதும்.

அட்வான்ஸ் போனதும் ஜிஎஸ்டி பில் வந்தது. லோகோ, சீல், கையெழுத்து, பார்க்கக் கச்சிதம். இதைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. கொடைக்கானலில் விடுதி நடத்துகிறவனின் பில்லில் 29 என்று ஆரம்பித்தது, அது கர்நாடகா. மூன்றாவதிலிருந்து 12 வரை இருப்பது உரிமையாளரின் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது, தனிநபர் என்றால் P-க்குரிய ‘பி’, கம்பெனி என்றால் ‘சி’, கூட்டு நிறுவனம் என்றால் ‘எஃப்’. பில்லின் தலைப்பில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று போட்டிருந்தான், ஆறாவது எழுத்தோ ‘பி’. ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே அந்த எண்ணைப் போட்டுத் தேடலாம். தேடினால் சம்பந்தமே இல்லாத ஒரு கடையின் பெயர் வருகிறது. அந்தக் கடைக்காரருக்குப் பாவம், தன் எண் எங்கெங்கே சுற்றுகிறது என்றே தெரிந்திருக்காது.

அவன் அனுப்பிய படங்களிலும் விஷயம் இருக்கிறது. பால்கனிக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைத் தோட்டம். அந்தக் காட்சி மூணாறு, வால்பாறை, குன்னூர் பக்கம். கொடைக்கானலைச் சுற்றிப் பைன், யூகலிப்டஸ், பேரிக்காய். மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போனால் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு போட்ட படிக்கட்டு வயல்கள். படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் அது எந்த ஊர் ரிசார்ட் என்று பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பணம் மூன்று தடவை போனது, மூன்று வெவ்வேறு யுபிஐ ஐடிக்கு. பின் நம்பர் போடும் முன் திரையில் வருகிறதே, வங்கியில் பதிவான பெயர், அது மூன்றும் மூன்று ஆள். முதலாவது “மேனேஜர் அக்கவுண்ட்”, இரண்டாவது “ஓனரோட மச்சான்”, மூன்றாவதற்கு “அந்த அக்கவுண்ட் லிமிட் முடிஞ்சிடுச்சுண்ணே”. எல்லாம் வாடகைக்கு எடுத்த கணக்குகள். ஒவ்வொன்றிலும் பணம் பெரும்பாலும் நிமிடக்கணக்கில்தான் நிற்கும், உடனே அடுத்த கணக்குக்கோ ஏடிஎம்முக்கோ போய்விடும். ஒன்றை முடக்கினாலும் மற்ற இரண்டும் தப்பட்டும் என்றுதான் பிரித்து வாங்குவதே.

இ-பாஸ் விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். 2025 சீசனுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது. கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000. பாஸுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. அரசுத் தளத்தில் போன் நம்பர், ஓடிபி, வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்கல் என்று நிரப்பினால் கியூஆரோடு வந்துவிடும். இவன் வெள்ளியன்றே வண்டி நம்பரைக் கேட்டு வாங்கிப் பாஸ் படத்தை அனுப்பிவிட்டான். “காசு மெதுவா டெபாசிட்டோட சேர்த்துப் போடுங்கண்ணே” என்று பெருந்தன்மை வேறு. வெள்ளி நீர்வீழ்ச்சி டோல்கேட்டில் கியூஆரை ஸ்கேன் செய்தால், யாரோ ஒருவரின் கார் நம்பர் வருகிறது. வேறொருவரின் பாஸில் மேலே தெரியும் எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறான், கியூஆரை மாற்ற முடியவில்லை. புதிதாக எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்போது போனை எடுத்தான். “சர்வர் பிரச்சினைண்ணே, அந்த 600-ஐ பில்லுல கழிச்சுக்கலாம்.” அதுதான் அவன் குரல் கடைசியாகக் கேட்டது.

லொகேஷன் என்று அனுப்பியது வெறும் மேப் பின். மேப்பில் விடுதியின் பெயரும், ஆட்கள் எழுதிய விமர்சனங்களும் உள்ள இடத்தை அவன் அனுப்பவில்லை. விரலை வைத்து அழுத்தினால் எந்தக் காட்டிலும் விழுகிற சிவப்புப் புள்ளியை அனுப்பினான். அது கொண்டுபோய் நிறுத்தியது வில்பட்டி, பள்ளங்கி பக்கம் ஒரு தனி வீட்டு வாசலில். கேட்டில் லேமினேஷன் போட்ட தாள், கையால் எழுதியது: ‘இது காட்டேஜ் அல்ல. புக்கிங் எடுப்பதில்லை. ஏமாற வேண்டாம்.’ மங்கி குல்லாவும் டார்ச்சுமாக வெளியே வந்த பெரியவர் நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே கையை விரித்தார். “இந்த மாசத்துல நீங்க நாலாவது வண்டி தம்பி. போன வாரம் கைப்புள்ளையோட ஒரு குடும்பம். நான் என்ன பண்றது?” சனிக்கிழமை, இருட்டிவிட்டது, சாரல் வேறு. மெயின் ரோட்டில் சாவியை ஆட்டிக்கொண்டு நிற்கும் புரோக்கர்களிடம் என்ன ரேட்டில் ரூம் கிடைத்தது என்று கேட்காதீர்கள். அது தனி வயிற்றெரிச்சல்.

அடுத்து, கைகழுவல்கள். அவன் போன் ஸ்விட்ச் ஆஃப், வாட்ஸ்அப்பில் பிளாக். பக்கத்தின் கீழே எச்சரிக்கை எழுதினால் ஐந்து நிமிடத்தில் அழிக்கிறான், பிறகு கமெண்ட்டையே மூடிவிட்டான். செயலியில் புகார் கொடுத்தோம். பக்கம் விதிகளை மீறவில்லை என்று பதில். 44,000 ரூபாயை ஏப்பம் விட்ட பக்கம், விதியை மீறவில்லையாம்! பணம் அனுப்பிய ஆப்பில் டிஸ்ப்யூட் போட்டால், ‘பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்தது’ என்று சொல்லிப் புகாரை மூடுகிறது. வெற்றி யாருக்கு? வங்கிக் கிளையில், “நீங்களே பின் போட்டு அனுப்பினது சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது.” உங்களுக்குத் தெரியாமல் பணம் எடுக்கப்பட்டால்தான் வங்கியின் பொறுப்பு பற்றிய ரிசர்வ் வங்கி விதி உதவும். நீங்களே அனுப்பியதற்கு அது கை கொடுக்காது, அவர்களும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். நேரில் போன ஒரு காவல் நிலையத்தில், “பணம் உங்க ஊர்ல இருந்துதானே போச்சு, அங்க குடுங்க.” ஊருக்கு வந்து கேட்டால், “சம்பவம் மலைலதானே நடந்தது?” சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவே சொல்கிறது, 2024 ஜூலை 1-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதைச் சொன்னதும் “உக்காருங்க, எழுத்தர் வரட்டும்” என்றார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருட அவகாசம் உண்டு, எல்லாம் சரி, ஆனால் எதிர்த்தரப்புக்கு ஒரு முகவரி வேண்டுமே. எந்த வாசலுக்கு நோட்டீஸ் அனுப்புவது, பள்ளங்கிப் பெரியவர் வீட்டுக்கா?

உருப்படியாக நடந்தது ஒன்றே ஒன்று. சனி ராத்திரியே, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போட்ட போன். கடைசியாகப் போன 5,600 ரூபாய் மட்டும் அந்த மூன்றாவது கணக்கில் ஹோல்டு ஆகியிருக்கிறது. ஹோல்டு என்றால் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, அதை விடுவிக்கத் தனி நடைமுறை இருக்கிறது. மீதி 38,400 அதற்கு முன்பே வழித்து எடுக்கப்பட்டுவிட்டது. சனியன்று ஆள் மலை ஏறுகிற மாதிரி திட்டம் போடுவதற்கும் காரணம் உண்டு. வங்கியில் ஆள் பிடிக்க பெரும்பாலும் திங்கள் ஆகிவிடும், அதற்குள் பணம் நாலு கை மாறிவிடும்.

என்னென்ன ஜாக்கிரதை என்று விலாவாரியாக எழுத உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. வீட்டை வீடியோ காலில், அந்த நிமிடமே, ரூமிலிருந்து கேட் வரை, கேட்டிலிருந்து ரோடு வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். “நெட் இல்ல, ரெக்கார்டு பண்ணி அனுப்புறேன்” என்றால் அதோடு விட்டுவிடுங்கள். கணக்குப் பெயர் விடுதிப் பெயரோடு பொருந்தவில்லையா, பின் நம்பர் போடாதீர்கள். இரண்டாவது தடவை வேறு ஐடி கொடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். முழுப் பணம் ரூம் சாவி கைக்கு வந்த பிறகுதான். இ-பாஸை நீங்களே எடுங்கள், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். போய்விட்டது என்று தெரிந்த நொடியே 1930. அவர்கள் கேட்பது ஆப் காட்டும் நீளமான அதன் சொந்த எண்ணை இல்லை, யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணை. ஒவ்வொரு பேமெண்ட்டுக்கும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் அப்போதே கூப்பிடுங்கள்.