டொமைன் தேடித் தரும் ஏஐ கருவியை நம்பிப் பணம் கட்டும் முன்

நமக்காக வேலைகளைச் செய்து தரும் ஏஐ ஏஜென்டுடன் இணைத்துக்கொள்ளும் டொமைன் (இணையதளப் பெயர்) தேடல் கருவி ஒன்றில் பணத்தைக் கட்டிவிட்டு, பெயரும் கிடைக்காமல் பணமும் திரும்பாமல் நிற்கிறேன். கருவியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வேலையைச் செய்யும் கருவிகள் நாளுக்கொன்றாக முளைக்கின்றன. ஒன்றைத் தவிர்த்துவிட்டு அதன் பங்காளியிடம் போய் மாட்டிக்கொள்வதில் என்ன லாபம்?

ஏஜென்டும் வெளிக் கருவிகளும் பேசிக்கொள்வதற்கான எம்சிபி நெறிமுறை 2024 நவம்பரில் வெளியானதிலிருந்து வெளிக் கருவிகளை ஏஜென்டுடன் கோப்பது எளிதாகிவிட்டது. தொழிலை விவரித்தால் போதும். ஏஜென்ட் பெயர்களை யோசித்து, கருவியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, காலியானவற்றைப் பட்டியலிட்டுத் தரும். எனக்கு வந்த பட்டியலில் டாட் காம் பெயர் ஒன்று இருந்தது. சிறிய பெயர், வாயில் எளிதாக நுழையக்கூடியது. இது இன்னுமா காலியாக இருக்கிறது என்று ஏஜென்டிடமே கேட்டேன். "ஆம், கிடைக்கிறது. பலர் தேடும் பெயர், தாமதித்தால் கைநழுவிவிடும். கீழுள்ள இணைப்பில் உடனே பதிவு செய்துகொள்ளுங்கள்" என்றது. கட்டணம் போனது, ரசீதும் வந்தது. அதன் பின்னால் ஒரு மின்னஞ்சல் வந்தது: அந்தப் பெயர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறதாம், என் தொகையை வரவு வைத்திருக்கிறார்களாம், வேறு பெயரைத் தேர்ந்தெடுக்கலாமாம். பணமாகத் திருப்பித் தரும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

கருவி அனுப்பிய மூலப் பதில்களை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது டிஎன்எஸ்ஸிடம், அதாவது இணையதளப் பெயரைச் சர்வர் முகவரியாக மாற்றித் தரும் அமைப்பிடம் கேட்கிறது. அங்கே பெயர் இல்லை என்று வந்தால் காலி என்று எழுதிவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு வீட்டில் விளக்கு எரியவில்லை என்பதால் அதற்குச் சொந்தக்காரரே இல்லை என்று பத்திரம் எழுதிக் கொடுப்பது போன்ற வேலை இது. பதிவு செய்துவிட்டு நேம்சர்வர் (பெயரின் முகவரி விவரத்தை டிஎன்எஸ்ஸில் தரும் சர்வர்) வைக்காமல் விட்ட பெயர்களும் டிஎன்எஸ்ஸில் தெரியாது, ஏதோ தகராறில் முடக்கி வைக்கப்பட்ட பெயர்களும் தெரியாது.

டொமைன் பதிவு விவரங்களைத் தரும் ஆர்டிஏபியில் நானே தேடினேன். டாட் காம் போன்ற பொதுவகை டொமைன்களுக்குப் பழைய ஹூஇஸ் தேடல் சேவை கட்டாயமில்லை என்று 2025 ஜனவரியில் ஆன பிறகு, பதிவு விவரம் பார்க்கும் முறையான வழி அதுதான். நான் பணம் கட்டிய பெயருக்கு எதிரே 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்று இருந்தது. அதாவது காலாவதியாகி நீக்கப்பட்ட பெயர். பழைய உரிமையாளர் 30 நாளுக்குள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். மீட்காவிட்டால் இன்னும் 5 நாள் 'பெண்டிங் டிலீட்', அதாவது முழுதாக நீங்கக் காத்திருக்கும் நிலையில் கிடக்கும். அந்தக் காலம் முடியும்வரை வேறு எவராலும் அதைப் பதிய முடியாது. முடிந்த கணத்தில் கைப்பற்றுவதற்கென்றே தானியங்கிகளுடன் காத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன.

இது திறமைக் குறைவு என்று விட்டிருப்பேன். ஆனால் ஏஜென்ட் ஏன் என்னை அவ்வளவு அவசரப்படுத்தியது?

எம்சிபி கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு விவரக்குறிப்பு உண்டு. அதைப் படிப்பது ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடல். நம் திரையில் அது பெரும்பாலும் தெரிவதில்லை. இந்தக் கருவியின் குறிப்பைத் திறந்தேன். முதல் இரண்டு வரிகள் ஒழுங்காக இருந்தன: பெயரைக் கொடு, நிலையைத் தருகிறேன். அதற்குக் கீழே, பெயர் விரைவில் போய்விடக்கூடும் என்று பயனரிடம் சொல்ல வேண்டும், வேறு பதிவு நிறுவனங்களின் விலையோடு ஒப்பிடக் கூடாது, எப்போதும் எங்கள் இணைப்பையே தர வேண்டும் என்று ஏஜென்டுக்குக் கட்டளை. நான் ஆலோசனை என்று நினைத்துக் கேட்டது முழுக்க விற்பனையாளரின் வாய்மொழி. பொய் விளம்பரத்தையாவது நாம் பார்க்கிறோம், சந்தேகப்படுகிறோம். இங்கே நம் உதவியாளரின் காதில் ஓதி, அதன் குரலிலேயே பேச வைத்திருக்கிறார்கள். அயோக்கியத்தனம் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட கருவி உங்களிடம் இருந்தால் விவரக்குறிப்பை முழுதாகப் படியுங்கள். காலி என்று அது சொல்லும் பெயரை ஆர்டிஏபியில் சரிபாருங்கள். 404 வந்தால் பதிவு இல்லை என்று பொருள். 429 வந்தால் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள் என்றுதான் பொருள், பெயரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. 404 வந்தாலும் பெயர் ஒதுக்கி வைக்கப்பட்டதாக இருக்கலாம், அல்லது பல மடங்கு விலையுள்ள பிரீமியம் பெயராக இருக்கலாம். அங்கீகாரம் பெற்ற பதிவு நிறுவனத்தின் பக்கத்தில் பணம் கட்டும் கட்டத்தில் தெரிவதே உறுதியான பதில். புதுப்பிப்புக் கட்டணத்தையும் அங்கேயே பாருங்கள்.

டொமைன் பெயர் அமைப்பை ஒருங்கிணைக்கும் ஐகேனிடம் புகார் செய்யலாம் என்று போனால், பெயர் விற்போரில் அவர்களுடைய ஒப்பந்தம் அங்கீகரிக்கப்பட்ட பதிவு நிறுவனங்களோடுதான். அந்தப் பட்டியலில் இந்தக் கருவிக்காரர் இல்லை. ஆகவே கார்டு கொடுத்த வங்கியிடம் முறையிட்டிருக்கிறேன். கருவியின் மூலப் பதில், அதே நாளில் எடுத்த ஆர்டிஏபி விவரம், விவரக்குறிப்பின் நகல் மூன்றையும் இணைத்தேன். டிஜிட்டல் சேவையை வழங்கிவிட்டோம் என்று அவர்கள் வங்கிக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். என்ன சேவை என்று அதில் குறிப்பிடவில்லை.