வேலை, குடும்பம், பியூட்டி தெரபி டிப்ளோமா: சிங்கப்பூரில் பகுதி நேரமாகப் படித்த என் அனுபவம்

பியூட்டி தெரபியைப் பகுதி நேரமாகப் படிக்கலாமா என்று கேட்பவர்கள் எல்லாரும் முதலில் விசாரிப்பது வகுப்பு எத்தனை மணிக்கு, வாரத்தில் எத்தனை நாள் என்பதைத்தான். இரண்டு வருஷத்துக்கு மேல் படித்து, தேர்வும் எழுதி, இப்போது வாரக் கடைசியில் ஒரு சலூனில் வேலையும் பார்க்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்: வகுப்பு நேரம் சின்னக் கணக்கு. வகுப்புக்கு வெளியே மற்றவர்களுடைய முகத்திலும் கையிலும் காலிலும் கை பழக வேண்டிய நேரம்தான் பெரிய கணக்கு, அது எந்த விளம்பரத்திலும் இருக்காது. குடும்பத்தோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு இந்தப் படிப்பு முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கணக்குதான்.

என் நிலைமை இது. வீடு ஈசூனில். வீட்டுக்குப் பக்கத்து புளோக்கில், அதாவது அடுத்த அடுக்குமாடிக் கட்டடத்தில், இருக்கும் கிளினிக்கில் கவுன்டர் வேலை, சனிக்கிழமை காலையும் சில நாள் இரவு நேரமும் உண்டு. கணவர் பேருந்து ஓட்டுகிறார், அவருடைய ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். மகள் தொடக்கப்பள்ளி, மகன் பாலர் பள்ளி, மாமியார் எங்களோடு இருக்கிறார். மாமியார் வீட்டில் இல்லையென்றால் இந்தப் படிப்பை நான் தொட்டிருக்கவே மாட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்தப் படிப்பு என்று தேர்ந்தெடுப்பதிலேயே பலருக்குக் குழப்பம் வருகிறது. இங்கே டபிள்யூஎஸ்கியூ என்கிற தேசியத் தகுதி இருக்கிறது, அதை ஒவ்வொரு மாடியூலாகச் சேர்த்துக்கொண்டு போகலாம், இடையில் ஒரு குழந்தை பிறந்தாலும் முடித்தது வீணாகாது. வெளிநாட்டுத் தகுதி என்று போனால் பிரிட்டனின் ஐடெக், சிப்டாக், அப்புறம் சர்வதேச அமைப்பான சிடெஸ்கோ தரும் தகுதி. சிடெஸ்கோ 1946இல் தொடங்கியது, தலைமையகம் சூரிக்கில், மதிப்பு அதிகம். ஆனால் அதன் பியூட்டி தெரபி டிப்ளோமாவுக்குக் குறைந்தது 1,200 மணி நேரப் பயிற்சி வேண்டும், வேலை பார்த்துக்கொண்டு மாலையில் மட்டும் போகிறவருக்கு அது எவ்வளவு காலம் இழுக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் ஐடெக் எடுத்தேன். ஃபேஷியல், வேக்ஸிங், மானிக்யூர், பெடிக்யூர் என்று பகுதி பகுதியாகப் பிரித்துப் படிக்க முடிந்தது என்பதுதான் ஒரே காரணம்.

தியரியைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் நிறைய. எல்லாம் ஆங்கிலம், அதுவும் பாதி லத்தீன். மேல்தோலில் ஐந்து அடுக்கு, முகத்தில் இத்தனை எலும்பு, முடி வளர்வதில் அனஜன், கேட்டஜன், டெலோஜன் என்று மூன்று கட்டம். பள்ளியை விட்டுப் பல வருஷம் ஆனவருக்கு மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் நேரத்தைப் பொறுத்தவரை இதுதான் இருப்பதிலேயே சுலபமான பகுதி, ஏனென்றால் இதை எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே படிக்கலாம். ஈசூனிலிருந்து வகுப்புக்கு டோபி காட் போகும் அரை மணி நேரத்துக்கு மேலான பயணம் எனக்கு அதற்கே போதும். வீட்டில் மகளைப் பிடித்து உட்காரவைத்து, கன்னத்தைத் தொட்டு ஸைகோமேட்டிக், தாடையைத் தொட்டு மேண்டிபிள் என்று சொல்லிப் பார்ப்பேன், அவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு சரி, தப்பு என்று திருத்துவாள். அவளுக்கு அது விளையாட்டு, எனக்குப் பாடம் மனப்பாடமானது.

பிராக்டிகலுக்கு வருகிறேன், சொல்ல வேண்டியது அதில்தான் இருக்கிறது. வகுப்பில் மாணவிகள் ஒருவர் மேல் ஒருவர் செய்து பழகுவோம். அது போதாது. கேஸ் ஸ்டடி என்று ஒன்று உண்டு, ஒரே ஆளுக்குச் சில வார இடைவெளியில் பல தடவை சிகிச்சை செய்து, முதலில் தோல் எப்படி இருந்தது, என்ன செய்தோம், அடுத்த தடவை என்ன மாற்றம், வீட்டில் என்ன பார்த்துக்கொள்ளச் சொன்னோம் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே மாதிரித் தோலாக இருக்கக் கூடாது. எண்ணெய் வழிகிற முகம், வறண்ட முகம், வயதான முகம் என்று ஆள் தேட வேண்டும். அந்த ஆட்களுக்கும் வேலை, பிள்ளை, சமையல் எல்லாம் உண்டு. அவர்களுக்கு நேரம் கிடைக்கும்போது எனக்கு ஷிப்ட், எனக்கு நேரம் கிடைக்கும்போது அவர்கள் தேக்கா சந்தையில் சாமான் வாங்கிக்கொண்டிருப்பார்கள். இப்படி மாடலாக வரும் ஒருவர் நடுவில் கைவிட்டால் அந்தக் கேஸ் ஸ்டடியை வேறு ஆளை வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இந்த ஒரு விஷயத்தால் படிப்பை நிறுத்தியவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள், தியரி வரவில்லை என்று நிறுத்தியவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

எனக்குக் கைகொடுத்தது எங்கள் மாடித் தளம். மாமியார், பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா), இரண்டு வீடு தள்ளி இருக்கும் சீன ஆண்டி, மூன்று பேரும் பகலில் வீட்டில் இருப்பவர்கள். எனக்கு மதிய இடைவேளை கிடைக்கும் நாளில் மக்சிக் வீட்டு ஹாலிலேயே ஒரு ஃபேஷியல் முடித்துவிட்டு மறுபடி கிளினிக் போயிருக்கிறேன். மாடல்களை உங்கள் நேரத்துக்கு இழுக்கப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே உங்கள் நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களைப் பிடியுங்கள். தோழிகள் எல்லாரும் ஆசையாக வருகிறேன் என்பார்கள், பூன் லேயிலிருந்து ஈசூனுக்கு நாலாவது தடவை வருவது யாருக்கும் நடக்காது.

மாமியாருக்கு நீரிழிவு. அவருக்குப் பெடிக்யூர் செய்ததில் நான் கற்றுக்கொண்டது வகுப்பில் கற்றதைவிட அதிகம். காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சின்னக் கீறல் பட்டாலும் ஆற நாளாகும், அதனால் தோலை வெட்டக் கூடாது, தண்ணீரின் சூட்டை நாம்தான் கை வைத்துப் பார்க்க வேண்டும். "ஏம்மா, எனக்கு ஒண்ணும் சுடல, நீயே கைய விட்டு விட்டுப் பாக்குற?" என்பார். "அத்தை, சுடுறது உங்களுக்குத் தெரியாமப் போயிடும், அதான் நான் பாக்குறேன்" என்பேன். அவருக்குச் செய்யலாம் என்று மருத்துவரிடம் கேட்ட பிறகுதான் தொடங்கினேன், அந்தக் குறிப்பும் ஃபைலில் போனது. சிகிச்சைக்கு முன்னால் நோய், மருந்து விவரம் கேட்டு நிரப்பும் கேள்வித்தாளை விளையாட்டாக எடுக்காதீர்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாய்ன் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வேக்ஸ் போட்டால் தோலே உரிந்து வரலாம், மாத்திரையை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்குக் கரன்ட் பாய்ச்சும் எந்தச் சிகிச்சையும் கூடாது. கிளினிக் கவுன்டரில் ஆட்களிடம் கூச்சப்படாமல் மருந்து விவரம் கேட்டுப் பழகியது எனக்கு இங்கே பெரிய உதவி.

இன்னொன்றையும் நம்மவர்களுக்காகச் சொல்ல வேண்டும். தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் எல்லா வகுப்பிலும் வரும். 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் அதை முதலில் வெள்ளைத் தோலுக்காகத்தான் வகுத்தார், பழுப்பும் கறுப்பும் பிறகு சேர்ந்தவை. எங்கள் பாடப் புத்தகத்தில் இருந்த படங்களும் பெரும்பாலும் வெளிர்நிறத் தோல்தான். "தோல் சிவந்தால் நிறுத்து" என்று எழுதியிருக்கும். என் மாமியாரின் தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது! புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும், எரிகிறதா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். நம் தோலில் வேக்ஸோ ஸ்க்ரப்போ கொஞ்சம் அழுத்திவிட்டால் வீக்கம் போன பிறகும் கறுப்பாகத் தடம் நிற்கும், மாதங்கள் ஆகும் மறைய. இதை ஆசிரியரிடம் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், அவரும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இன்று சலூனில் இந்திய வாடிக்கையாளர்கள் என்னைக் கேட்டு வருவதற்கு இதுதான் காரணம் என்று நம்புகிறேன்.

துண்டுகள். இதை யாரும் சொல்வதே இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு ஃபேஷியல் என்றால் தலைக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு திரும்பும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பு முழுக்கத் துண்டு, பிள்ளைகளின் சீருடை காயப்போட இடமில்லை, டிசம்பர் மழை வந்தால் ஒன்றும் காயாது. கணவர் துவைக்கிற வேலையை முழுதாக எடுத்துக்கொண்டார், இரவு ஷிப்ட் முடிந்து வந்து இயந்திரத்தைப் போட்டுவிட்டுத்தான் படுப்பார். வீட்டில் யார் சமைப்பது என்று பேசி வைக்கிறோம் இல்லையா, அதே மாதிரி இதையும் சேருவதற்கு முன்னால் பேசி வையுங்கள்.

வீட்டில் பழக முடியாத பகுதியும் உண்டு. கால்வானிக், ஹை ஃப்ரீக்வென்சி மாதிரி கரன்ட் இயந்திரங்கள் பயிற்சி நிலையத்தில்தான். மின்சாரத்தின் எதிர்முனையை (நெகடிவ்) வைத்து முகத்து எண்ணெயைச் சோப்பு மாதிரிக் கரைய வைப்பது, கண்ணாடிக் குழாயில் வரும் பொறியால் பருவைக் காய வைப்பது, இதையெல்லாம் புத்தகத்தில் படித்தால் கைக்கு வராது. ஆகவே இயந்திர வகுப்பு வரும் வாரங்களை மட்டும் எதற்காகவும் விடாதீர்கள். கிளினிக்கில் உடன் வேலை பார்ப்பவரோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டேன், பதிலுக்கு அவருக்குச் சீனப் புத்தாண்டு வாரத்தில் நான் நின்றேன். நான் முதலில் படித்த நிலையம் ஒரு தடவை இயந்திர வகுப்பையே இரண்டு நாள் முன்னறிவிப்பில் வேறு கிழமைக்கு மாற்றியது, மாற்று வகுப்பும் தரவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை, அடுத்த பகுதியை வேறு இடத்தில்தான் படித்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரங்களில் மாடலுக்குப் பஞ்சமே இல்லை, புளோக் முழுக்கத் திரெடிங்குக்கும் மருதாணிக்கும் ஆள் வரும். ஆனால் அந்த நேரத்தில் கேஸ் ஸ்டடி தொடங்காதீர்கள், பண்டிகை முடிந்ததும் ஒருவரும் இரண்டாவது தடவைக்கு வர மாட்டார்கள். ஜனவரி நல்ல மாதம்.

பணம். 25 வயது ஆன குடிமக்களுக்கு, பயிற்சிக் கட்டணத்துக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உண்டு. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து 4,000 வெள்ளி கூடுதலாக வந்தது, ஆனால் அதை அரசு தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் பயிற்சிகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம், உங்கள் படிப்பு அதில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். கிட், சீருடை, தேர்வுக் கட்டணம், மாடல்களுக்கான பொருள்கள் எல்லாம் கட்டணத்துக்கு வெளியே இருக்கக்கூடும். அப்புறம், முடித்ததும் வீட்டிலேயே தொழில் தொடங்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு: வீவக வீட்டில் சிறிய அளவில் அழகுச் சேவை செய்ய அனுமதி உண்டு, வாசலில் பெயர்ப்பலகை வைக்கக் கூடாது. உடல் மசாஜ் என்றால் விஷயம் வேறு, மசாஜ் நிலையங்களுக்கு 2017இல் நிறைவேறிய தனிச் சட்டமும் காவல்துறை உரிமமும் இருக்கின்றன.

சேருவதற்கு முன் நிலையத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள்: மாடலை நாங்கள்தான் கொண்டுவர வேண்டுமா, கேஸ் ஸ்டடியை உங்கள் இடத்தில் செய்ய மாலையில் அறை தருவீர்களா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு வகுப்பு தவறினால் எப்போது ஈடுகட்டுவீர்கள், தேர்வில் ஒரு பகுதி தவறினால் மறுபடி எழுத எவ்வளவு. வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். பதிவுபெற்ற தனியார் கல்வி நிலையங்களின் வழக்கமான மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு மனம் மாற 7 வேலை நாள் அவகாசம் இருக்கிறது. அந்த நாட்களில் உங்கள் தளத்திலும் வேலையிடத்திலும் மாடலாக வரச் சம்மதிப்பவர் யார் யார், எந்தக் கிழமை, எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூன்று பெயர்கூட வரவில்லை என்றால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த சேர்க்கை வரைக்கும் பொறுங்கள்.