மரத்தைத் தேடினால் மரபும் வரும்: எலாஸ்டிக்சர்ச் எம்சிபி வழங்கி, ஒரு மதிப்புரை

பழைய தமிழ் இதழ்களில் வந்த கட்டுரைகளைப் பற்றிய குறிப்புகளை எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் தரவுத்தளத்தில் தொகுத்து வைத்திருக்கும் சிறிய குழு ஒன்றில் நான் பணியாற்றுகிறேன். 18,000-க்கும் மேற்பட்ட குறிப்புகள் அதில் உள்ளன. ஆனால் வினவல் (தரவுத்தளத்திடம் தரவைக் கேட்கும் கட்டளை) எழுதத் தெரிந்தவர்கள் எங்களில் இருவர் மட்டுமே என்பதால், ஆய்வாளர் ஒருவருக்கு ஏதேனும் தேவைப்பட்டால் எங்களுக்கு நேரம் வாய்க்கும் வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பைக் குறைப்பதற்காக, எலாஸ்டிக் நிறுவனம் வெளியிட்டுள்ள எம்சிபி வழங்கியை நிறுவி, செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றை அதனுடன் இணைத்துச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

எம்சிபி என்பது ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் அறிமுகப்படுத்திய, உதவியாளர்களை வெளித் தரவுகளுடனும் கருவிகளுடனும் இணைக்கும் திறந்த நெறிமுறை. இதில் உதவியாளர் தரவுத்தளத்தை நேரடியாகத் தொடுவதில்லை. தன்னிடம் உள்ள கருவிகள் எவை என்பதை வழங்கி அறிவிக்கிறது. உதவியாளர் அவற்றில் பொருத்தமானதைத் தேர்ந்து வினவலை எழுதி அனுப்ப, வழங்கி அதை இயக்கி முடிவைத் திருப்பித் தருகிறது. இந்த வழங்கியில் இருப்பவை ஐந்தே கருவிகள்: இன்டெக்ஸ்களை (தரவுத் தொகுப்புகளை) பட்டியலிடுவது, ஓர் இன்டெக்ஸின் மேப்பிங்கை (அதில் உள்ள புலங்களின் அமைப்பை) காட்டுவது, தேடுவது, எலாஸ்டிக்சர்ச்சின் வினவல் மொழியான ஈஎஸ்கியூஎல்லில் எழுதிய வினவலை இயக்குவது, ஷார்டுகளின் (இன்டெக்ஸ் பிரித்து வைக்கப்படும் துண்டுகளின்) நிலையைச் சொல்வது. எழுதுவதற்கும் அழிப்பதற்கும் கருவி கிடையாது. இந்தச் சிக்கனத்தை இதன் முதல் சிறப்பாகக் கருதுகிறேன்.

நிறுவுவது எளிது, டாக்கர் (மென்பொருளைத் தனிப் பொதியாக இயக்கும் கருவி) தெரிந்தவருக்கு அரை மணி நேரம் போதும். உண்மையில் நேரம் செலவிட வேண்டியது, தரவுத்தளத்தை அணுக வழங்கி காட்டும் ரகசியக் குறியீடான ஏபிஐ சாவியில்தான். நிர்வாகியின் சாவியை அப்படியே கொடுத்துவிடாமல், தேவையான இன்டெக்ஸை மட்டும் படிக்கவும் அதன் மேப்பிங்கைப் பார்க்கவும் உரிமையுள்ள தனிச் சாவி ஒன்றைக் காலாவதித் தேதியுடன் உருவாக்கிக்கொள்வது நல்லது. தேடலில் கிடைக்கும் ஒவ்வொரு வரியும் உதவியாளரை இயக்கும் மொழி மாதிரிக்குப் போய்ச் சேர்கிறது. அந்த மாதிரி வெளி நிறுவனத்தின் கணினியில் இயங்குமானால், நன்கொடையாளர்களின் முகவரிகள் போன்றவை இந்தச் சாவிக்கு எட்டவே கூடாது.

பயன்பாட்டில் என்னை முதலில் கவர்ந்தது, உதவியாளர் மேப்பிங்கைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கும் முறை. எலாஸ்டிக்சர்ச்சில் ஒரே புலம் சொற்களாகப் பிரிக்கப்பட்ட உரையாகவும், பிரிக்கப்படாத முழுச் சரமாகவும் இரு வடிவங்களில் இருக்கக்கூடும். ஆசிரியர் பெயர்வாரியாக எண்ணுவதற்கு இரண்டாவது வடிவம் வேண்டும். கட்டுரைக்குள் தேடுவதற்கு முதலாவது வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் வாரக்கணக்கில் தடுமாறும் இந்த வேறுபாட்டை உதவியாளர் பெரும்பாலும் சரியாகக் கையாள்கிறது.

தமிழ் உரை என்று வரும்போது நிலைமை சிக்கலாகிறது. எலாஸ்டிக்சர்ச்சில் இந்திக்கும் வங்காளத்துக்கும் உரையைத் தேடலுக்கேற்பச் சொற்களாகப் பிரித்துச் சீராக்கும் உள்ளமைந்த பகுப்பாய்விகள் உண்டு. நாங்கள் பயன்படுத்தும் பதிப்பில் தமிழுக்கு இல்லை. இயல்பான பகுப்பாய்வி சொற்களை இடைவெளி, நிறுத்தக்குறி போன்ற எல்லைகளைப் பார்த்துப் பிரிக்குமே தவிர, வேற்றுமை உருபுகளை நீக்காது. ஆகவே ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’, ‘மரங்களை’ என்று எழுதப்பட்ட கட்டுரைகள் கிடைப்பதில்லை. முன்னொட்டுத் தேடலாக ‘மர’ என்று கொடுத்தாலோ மரபும் மரணமும் வந்து குவிகின்றன. உயிர்மெய்க் குறிகள் யூனிகோடில் தனிக் குறியீடுகளாக இருப்பதால் ‘மரியாதை’கூட அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் உதவியாளரின் அருமை தெரிந்தது. உருபுகளை நீக்கும் வசதி இல்லை என்பதை ஒருமுறை விளக்கியதும், மரம், மரத்தை, மரத்தின், மரத்தில், மரங்கள், மரங்களின் என்று வடிவங்களை அதுவே அடுக்கி ஒரே வினவலாக எழுதியது. நான் பல ஆண்டுகளாகக் கையால் செய்துவந்த வேலை அது. இருந்தும் ‘மரத்தடியில்’ என்ற வடிவம் விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்த பிறகு கிடைத்த கட்டுரைகளில் ஒன்று, ஆய்வாளர் தேடிக்கொண்டிருந்த கட்டுரையாகவே இருந்தது. ‘கொ’ போன்ற எழுத்துகளை யூனிகோடில் இரு விதமாக எழுத முடியும் என்பதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொற்களும் பொருந்தாமல் போகலாம். அதற்கு எந்த உதவியாளரையும் நம்பியிராமல், தரவை ஏற்றும்போதே யூனிகோடு எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் ஐசியூ செருகுநிரலைக் கொண்டு சீராக்கிவிடுவதே முறை.

எண்ணிக்கைகளில் இன்னும் கூடுதலான எச்சரிக்கை தேவை. எலாஸ்டிக்சர்ச் இயல்பாக 10,000 வரை மட்டுமே பொருத்தங்களைத் துல்லியமாக எண்ணும். அதைத் தாண்டினால் ‘குறைந்தது 10,000’ என்ற பொருளில் ஒரு குறிப்பைச் சேர்க்கும். எங்கள் உதவியாளர் ஒருமுறை அந்தக் குறிப்பை விட்டுவிட்டு, 1950-க்கு முந்தைய கட்டுரைகள் சரியாக 10,000 என்று விடையளித்தது. எண் அவ்வளவு வட்டமாக இருந்ததால் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆய்வேட்டில் அப்படியே ஏறியிருந்தால் திருத்துவதற்கு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இப்போது எண்ணிக்கை கேட்கும்போதெல்லாம் ஈஎஸ்கியூஎல்லில் எண்ணும்படி சொல்கிறோம். விடையுடன் இயக்கிய வினவலையும் காட்ட வேண்டும் என்று நிலையான அறிவுறுத்தல் கொடுத்திருக்கிறோம். வினவல் தெரியாதவர்கள்கூட, எந்தச் சொற்கள் தேடப்பட்டன, எந்த ஆண்டு வரம்பு இடப்பட்டது என்பதை அதில் படித்துப் புரிந்துகொள்கிறார்கள். அந்த வினவல் கண்ணில் படாத விடையை நான் ஏற்பதில்லை.

வாங்க நினைப்பவர்கள் என்று சொல்ல இது விலைப்பொருள் அன்று. வழங்கி இலவசம், செலவெல்லாம் உதவியாளரின் சந்தாவில்தான். தீர்மானிக்கும் முன் பதிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் தனி வழங்கிக்கு இனி முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும் என்று எலாஸ்டிக் அறிவித்துவிட்டது, எலாஸ்டிக்சர்ச்சின் 9.2 பதிப்பிலிருந்து ஏஜென்ட் பில்டர் என்ற பகுதியே எம்சிபி இணைப்பைத் தருகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக அங்கே செல்லலாம். எங்கள் எலாஸ்டிக்சர்ச் கிளஸ்டர் (அதை இயக்கும் கணினித் தொகுப்பு) இன்னும் 8-ஆம் வரிசையில் இருப்பதால், பதிப்பை உயர்த்தும் வரை இந்தப் பழைய வழங்கியையே வைத்துக்கொள்கிறோம்.